டால்ஸ்டாய் பண்ணை: ஒரு கூட்டு வாழ்வின் வரலாறு

தென்னாப்பிரிக்காவில் ஜோகானஸ்பர்க் நகரிலிருந்து 21 மைல் தொலைவில், லாலி ரயில் நிலையத்திற்கு அருகே, குன்றின் அடிவாரத்தில் ஒரு பழைய பண்ணை நிலம் இருக்கின்றது. அங்கே எழுந்த கட்டடங்கள் பிற்காலத்தில் சூறையாடப்பட்டு, அடித்தளம் மட்டுமே எஞ்சியது. அண்மை ஆண்டுகளில் அவ்விடத்தை நினைவுத் தோட்டமாக மீட்கும் பணி நடைபெற்றுள்ளது. சுவர்கூட நில்லாத அந்த நிலத்திற்கு இத்துணை மதிப்பு எதனால் வந்தது என்பதைக் கூட்டுறவு அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிதல் நலம்.

டிரான்ஸ்வால் அரசு ஆசியர்மீது சுமத்திய பதிவுச் சட்டத்தை எதிர்த்து, காந்தியடிகள் தலைமையில் இந்தியர்கள் 1906ஆம் ஆண்டு முதல் சத்தியாக்கிரகம் நடத்தினர். சிறை சென்றோரின் குடும்பங்களுக்கு மாதந்தோறும் பணம் கொடுக்கப்பட்டது. இதில் இரண்டு சங்கடங்கள் நேர்ந்தன. ஒவ்வொரு குடும்பத்தின் உண்மையான தேவையைக் கணித்தல் அரிதாயிற்று. கேட்கத் தயங்கியோர் குறையப் பெறவும், தயங்காதோர் மிகுதியாகப் பெறவும் இடமிருந்தது. அன்றியும், போராட்டம் நீண்டமையால் நிதி விரைவாகக் கரைந்தது. 1909ஆம் ஆண்டில் ரத்தன் டாட்டா அனுப்பிய 25,000 ரூபாய் போன்ற நன்கொடைகளும் எத்தனை காலத்திற்குப் போதும்?

குடும்பங்கள் அனைத்தும் ஓரிடத்தில் கூடி வாழ்ந்து, கூடி உழைப்பதே தீர்வு என்று காந்தியடிகள் கண்டார். அவர்தம் நண்பரும் கட்டடக் கலைஞருமான ஹெர்மன் காலன்பாக், தாம் வாங்கிய 1,100 ஏக்கர் நிலத்தை 1910ஆம் ஆண்டு மே மாதத்தில் வாடகையின்றி அளித்தார். ஏறத்தாழ ஆயிரம் பழமரங்கள், இரண்டு கிணறுகள், ஓர் ஊற்று, ஒரு சிறு வீடு ஆகியவையே அங்கு இருந்தன. ரஷ்ய அறிஞர் டால்ஸ்டாயின் பெயர் பண்ணைக்குச் சூட்டப்பட்டது.

தமிழர், தெலுங்கர், குஜராத்தியர், வட இந்தியர் என்று பலரும் அங்கே குடியேறினர். இந்து, முஸ்லிம், பார்சி, கிறிஸ்தவர் யாவருக்கும் ஒரே சமையலறை. வேலைக்காரர் எவரும் இலர். சொந்தக் காரியமாக நகருக்குச் செல்வோர் நடந்தே செல்லவேண்டும் என்பது விதி. கோதுமையைக் கைத்திரிகையில் அரைத்து ரொட்டி சுட்டனர். முரட்டு நீலத்துணியில் ஆடவருக்கு வேண்டிய உடைகளைப் பெண்கள் தைத்தனர். காலன்பாக் மரியன்ஹில் மடத்திற்குச் சென்று செருப்புத் தைக்கக் கற்று வந்து, மற்றவர்க்கும் கற்பித்தார். கழிவுகளை மண்ணில் புதைத்து எருவாக்கினர். சுகாதாரப் பொறுப்பையும் சாமான் கொள்முதலையும் தம்பி நாயுடு ஏற்றார். பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்க வேண்டியிருந்தமையால், காந்தியடிகள் தாம் அறிந்த சிறிதளவு தமிழைக் கொண்டே பாடம் நடத்தினார்.

இம்முறையால் செலவு பெரிதும் குறைந்தது. யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்ற வழக்கும் ஒழிந்தது. எல்லோரும் ஒரே உலையில் உண்ணும்போது கள்ளக் கணக்கிற்கு இடம் ஏது? 1913ஆம் ஆண்டில் பண்ணை வாழ்வு முடிவுற்றது. ஆனால் அங்கே பயின்ற உறுதி முடியவில்லை. அவ்வாண்டிலேயே, பண்ணையில் வாழ்ந்திருந்த பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப்பெண்கள், நியூகாசில் சென்று சுரங்கத் தொழிலாளரை வேலைநிறுத்தத்திற்கு அழைத்துச் சிறை புகுந்தனர். அதே போராட்டத்தில் சிறை சென்று நோயுற்று 1914ஆம் ஆண்டில் உயிர் நீத்த தில்லையாடி வள்ளியம்மையின் பெயரை, சென்னை எழும்பூரிலுள்ள கோ-ஆப்டெக்ஸ் மாளிகை தாங்கி நிற்பதை நெசவாளர் அறிவர்.

கட்டடங்கள் அழிந்த பின்னும் இத்தனை செய்திகள் நமக்குக் கிடைப்பதற்குக் காரணம், காந்தியடிகள் தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரக வரலாற்றில் அவற்றை எழுதி வைத்ததேயாகும். நம் சங்கங்கள் பலவும் ஓலைக் கூரையின் கீழும் வாடகை அறையிலும் தொடங்கியவை. அவ்விடங்கள் மறைந்து வருகின்றன. முதல் தீர்மானப் புத்தகம், முதல் பங்குப் பதிவேடு, ஆதியில் பணியாற்றிய முதியோரின் நினைவுகள் ஆகியவற்றை நிர்வாகக் குழுவினர் இப்பொழுதே திரட்டிப் பாதுகாத்தல் கடமையாகும். கரையானுக்கு இரையானபின் அவற்றை எந்தத் தணிக்கையாலும் மீட்க இயலாது.