காய்ச்சலைக் கேட்கிறோம், மனசைக் கேட்கிறோமா?

சத்தியமங்கலத்தில் ஒருவருக்குப் புற்றுநோய் என்றால், கீமோவுக்கும் கதிர்வீச்சுக்கும் பெரும்பாலும் கோயம்புத்தூருக்கோ ஈரோட்டுக்கோ பஸ் ஏற வேண்டும். மருந்து ஏற்றிக்கொண்டு திரும்பினால், அடுத்த தவணை வரை வீடுதான். வாந்தி, வாய்ப்புண், முடி கொட்டுதல் எல்லாம் வீட்டில்தான் தெரியவரும். பயமும் அங்கேதான் பெருகும். எனவே மனசைக் கவனிப்பதும் சிகிச்சையில் ஒரு பகுதியே.

முழு வலி

1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் வலி தணிப்பு இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், முதலில் நர்ஸ், பிறகுதான் டாக்டர். உடல் வலி, மனக்கலக்கம், குடும்ப–பணக் கவலை, ஆன்மிகத் தவிப்பு நான்கும் சேர்ந்ததே நோயாளியின் ‘முழு வலி’ என்றார் அவர். மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணம் கரைகிறதே என்று தூங்காமல் கிடப்பவருக்கு வலி மாத்திரை மட்டும் போதாது.

நர்ஸ் கேட்க வேண்டிய கேள்வி

டாக்டரிடம் “பரவாயில்லைங்க” என்பவர்கூட, மருந்து ஏறும் நேரத்தில் பக்கத்தில் நிற்கும் நர்ஸிடம் மனம் திறப்பார். அந்த நேரத்தில் கேட்க எளிய அளவுகோல் ஒன்று உண்டு: “இந்த ஒரு வாரமா மனக்கஷ்டம் எவ்வளவு இருந்ததுங்க? 0 முதல் 10 வரை சொல்லுங்க.” பதில் 4 அல்லது அதற்கு மேல் என்றால், காரணத்தை விசாரித்து மனநல ஆலோசகரிடம் அனுப்ப வேண்டும்.

வீட்டார் கவனத்துக்கு

• புற்றுநோய் ஒட்டிக்கொள்ளாது. தட்டு, டம்ளரைத் தனியாக ஒதுக்கி நோயாளியை நோகடிக்காதீர்கள்.
• நோயை அவரிடமே மறைக்காதீர்கள். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்டு, அந்த அளவுக்குச் சொல்லுங்கள்.
• “தைரியமா இருங்க” என்பதற்கு முன், “எதை நினைச்சுப் பயமா இருக்குதுங்க?” என்று கேளுங்கள்.
• கீமோ காலத்தில் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், இரவானாலும் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.
• கவனித்துக்கொள்பவருக்கும் தூக்கம் வேண்டும். முறை மாற்றிக்கொள்ளுங்கள்.

உதவி எங்கே?

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து வலி தணிப்புப் பராமரிப்பு அளிக்கிறார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். நோயாளிக்குச் சோர்வும் தூக்கமின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். “வாழ்ந்து என்ன பண்றது” என்ற பேச்சு வந்தால், அவரைத் தனியே விடாமல் அன்றே உதவி தேடுங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸில், 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் தமிழில் இலவசமாகப் பேசலாம். மாத்திரைக்கு நேரம் குறிப்பதுபோல், தினமும் அவர் பேசுவதைக் கேட்கவும் ஒரு நேரம் குறித்து வையுங்கள்.