ஒயர் இல்லாத கிட்டாரும் ஐந்து மில்லி விநாடிக் கணக்கும்

அமெரிக்காவில் ஆல்பர்ட் காலின்ஸ் என்று ஒரு ப்ளூஸ் கிட்டார் கலைஞர் இருந்தார். அவருக்கு மேடை போதாது. வாசித்துக்கொண்டே கீழே இறங்கி, உட்கார்ந்திருப்பவர்களுக்கு நடுவே புகுந்துவிடுவார். சில நாள் கதவைத் தாண்டித் தெருவுக்கே போய்விடுவார். உள்ளே பாட்டு நிற்காமல் கேட்டுக்கொண்டிருக்கும். அவருடைய எலெக்ட்ரிக் கிட்டாரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போன ஒயரின் நீளம் 100 அடி!

நீளமாக ஒரு ஒயர் வாங்கினால் வேலை முடிந்தது, அப்புறம் எதற்கு ஒயர்லெஸ் என்று கேட்கிறீர்களா? யாராவது மிதிப்பார்கள், கால் இடறும் என்பதெல்லாம் இருக்கட்டும். ஒயர் நீள நீள, கிட்டாரின் குரலும் மங்கும். ஏன் என்று தெரிய கிட்டாருக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

எலெக்ட்ரிக் கிட்டாரின் தந்திகளுக்குக் கீழே சோப்புக்கட்டியைவிடச் சின்னதாக ஒரு பட்டை இருக்கும். பெயர் பிக்கப். அதற்குள்ளே காந்தம். காந்தத்தைச் சுற்றி, தலைமுடி அளவுக்கு மெல்லிய செம்புக் கம்பி. ஒன்றிரண்டு சுற்று இல்லை, பல பிக்கப்புகளில் ஏழாயிரம் எட்டாயிரம் சுற்று. மேலே எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் ஆடுகிறது. காந்தப்புலம் ஆடினால் பக்கத்துக் கம்பிச்சுருளில் மின்சாரம் பிறக்கும் என்று 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்தார். அந்த மின்சாரம்தான் கிட்டாரின் குரல். நைலான் தந்தியைக் கட்டினால் இந்த பிக்கப்புக்கு ஒன்றும் கேட்காது, காந்தம் நைலானைக் கண்டுகொள்ளாது.

பிறக்கும் மின்சாரம் மிகச் சன்னமானது. ஒரு வோல்ட்டைத் தொட்டாலே பெரிது. அது ஆம்ப்ளிஃபயர், சுருக்கமாக ஆம்ப், வரை பயணிக்கும் ஒயரை வெட்டிப் பார்த்தால், நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றிப் பிளாஸ்டிக் உறை, உறைக்கு மேலே சல்லடைபோல் பின்னிய இன்னொரு செம்பு உறை தெரியும். ஒன்றையொன்று தொடாத இரண்டு உலோகங்கள் பக்கத்தில் பக்கத்தில் நீளமாக ஓடினால் அது ஒரு மின்தேக்கி. வேகமான அதிர்வுகளை, அதாவது உச்ச ஒலிகளை, அது வழியிலேயே நழுவ விட்டுவிடும். ஒயர் நீளமாக இருந்தால் நழுவுவதும் அதிகம். 100 அடிக்குப் பிறகு கணீரென்ற ஒலி கொஞ்சம் மழுங்கித்தான் ஆம்புக்கு வந்து சேரும்.

ஒயரில் வேறொரு ஆபத்தும் இருந்தது. 1976 டிசம்பரில் ஃபுளோரிடாவின் லேக்லாந்து நகரில் 'கிஸ்' என்ற ராக் குழுவின் நிகழ்ச்சி. கிட்டார் கலைஞர் ஏஸ் ஃப்ரேலி மேடைப் படிக்கட்டின் இரும்புக் கைப்பிடியைத் தொட்டார். அதற்குச் சரியாக எர்த் கொடுத்திருக்கவில்லை. ஒரு கையில் கைப்பிடி, மறு கையில் ஒயர் வழியாக ஆம்புடன் இணைந்த கிட்டார் தந்தி. நடுவில் அவர் உடம்பு. ஷாக் அடித்துச் சாய்ந்தார். நல்லவேளை, உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் பிறகு கென் ஷாஃபர் என்பவர் உருவாக்கியிருந்த ஒயர்லெஸ் கருவியை அந்தக் குழு எடுத்துக்கொண்டது. ஆனால் அதன் விலை பெரிய குழுக்களுக்கு மட்டுமே கட்டுப்படியாகும்.

இன்றைக்குச் சில ஆயிரம் ரூபாயில் ஒரு ஜோடி கிடைக்கிறது. இரண்டும் கட்டைவிரலைவிடச் சற்றே பெரியவை. ஒன்று டிரான்ஸ்மிட்டர், கிட்டாரின் ஓட்டையில் செருக வேண்டும். மற்றது ரிசீவர், அது ஆம்பில். செருகும் முனை மடங்கும்படி செய்திருப்பார்கள். சில கிட்டார்களில் ஓட்டை பள்ளத்துக்குள் சாய்வாக இருக்கும், மடங்காவிட்டால் உள்ளே போகாது. உள்ளே ஒரு குட்டி பேட்டரி. செல்போன்போல் சார்ஜ் செய்து நாலைந்து மணி நேரம் வாசிக்கலாம். பேஸ் கிட்டாருக்கும் இதே ஜோடி பொருந்தும்.

சரி, இது எப்படி வேலை செய்கிறது? டிரான்ஸ்மிட்டர் கிட்டாரின் மின்சாரத்தை விநாடிக்கு 48,000 முறை அளந்து எண்ணாக எழுதிக்கொள்கிறது (சில கருவிகளில் 44,100 முறை). ஒவ்வொரு எண்ணுக்கும் 24 இலக்கம், எல்லாம் 0 அல்லது 1. பெருக்கிப் பாருங்கள்: விநாடிக்குப் பதினொன்றரை லட்சம் இலக்கங்கள்! அவற்றைச் சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டி ரேடியோ அலையில் அனுப்புகிறது. ரிசீவர் பிரித்து, மறுபடி மின்சாரமாக்கி ஆம்பிடம் கொடுக்கிறது.

தூரம்தான் இதில் கஷ்டம் என்று பலர் நினைக்கிறார்கள். ரேடியோ அலை 30 மீட்டரைக் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரம், ஒரு விநாடியில் கோடியில் ஒரு பங்கு. பறப்பதற்கு நேரமே ஆவதில்லை. அளப்பதற்கும், கட்டுவதற்கும், பிரிப்பதற்கும்தான் நேரம் ஆகிறது. இந்தக் குட்டி ஜோடிகளில் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 5 மில்லி விநாடி. ஒரு மில்லி விநாடி என்றால் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

அது அதிகமா, குறைவா? காற்றில் ஒலி ஒரு மில்லி விநாடியில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். 5 மில்லி விநாடியில் 1.7 மீட்டர். அதாவது ஒயர்லெஸ் மாட்டினால், ஆம்பிலிருந்து ஐந்தரை அடி தள்ளி நிற்பதுபோல் இருக்கும், அவ்வளவுதான். பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த தந்தி விநாடிக்கு 41 முறை அதிர்கிறது. அது ஒரு முறை ஆடி முடிக்கவே 24 மில்லி விநாடி ஆகும். தந்தி ஒரு ஆட்டத்தை முடிப்பதற்குள் அதன் ஒலி ஆம்பில் தொடங்கிவிடுகிறது!

வீட்டில் இருக்கும் ப்ளூடூத் ஸ்பீக்கரை ஆம்பாக வைத்துக்கொண்டால் பணம் மிச்சமாகுமே? ஆகாது. சாதாரண ப்ளூடூத்தில் 100 முதல் 200 மில்லி விநாடி வரை தாமதம் சகஜம். காரணம் இதுதான். தெருக்குழாயில் தண்ணீர் விட்டு விட்டு வந்தாலும் வீட்டுக்குழாயில் சீராக வருவது எதனால்? மொட்டைமாடித் தொட்டியில் ஏற்றி நிரப்பி வைப்பதால். ப்ளூடூத் ஸ்பீக்கருக்குள்ளும் ஒலிக்கு அப்படி ஒரு தொட்டி உண்டு. வழியில் ஒரு பொட்டலம் தொலைந்தால் மறுபடி கேட்டு வாங்கும் வரை, தொட்டியில் இருப்பதை வைத்துச் சமாளிக்கும். தொட்டி நிரம்பும் நேரம்தான் அந்தத் தாமதம்.

பாட்டுக் கேட்க இது தொல்லையே இல்லை. படம் பார்க்கும்போதுகூட, செல்போன் காட்சியைச் சற்றுத் தாமதமாகக் காட்டி, உதடும் பேச்சும் பொருந்தும்படி பார்த்துக்கொள்ளும். காட்சியைக் காத்திருக்கச் சொல்லலாம். கிட்டார் வாசிப்பவரின் விரலைக் காத்திருக்கச் சொல்ல முடியுமா? ஆகவே கிட்டார் ஒயர்லெஸ்ஸில் பெயருக்குத்தான் தொட்டி. பொட்டலம் தொலைந்தால் தொலைந்ததுதான். 'டப்' என்று ஒரு வெட்டு கேட்கும்.

எங்கே தொலைகிறது? விலை குறைந்த ஜோடிகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குகின்றன. விநாடிக்கு 240 கோடி அதிர்வு. குறைந்த சக்தியில் பயன்படுத்த இந்த அலைவரிசைப் பட்டைக்கு உரிமம் வாங்க வேண்டாம், இந்தியாவிலும்தான். அதனால் கருவியின் விலை இறங்கியது. அதனாலேயே கூட்டமும் சேர்ந்தது. வை-ஃபை, ப்ளூடூத், கம்பியில்லா மவுஸ் எல்லாம் இங்கேதான். மைக்ரோவேவ் அடுப்பும் இதே பட்டையில்தான் சூடேற்றுகிறது.

கூட்டத்தில் தப்பிக்க ஒரு வழி, அலைவரிசையை மாற்றிக்கொண்டே இருப்பது. இப்படித் தாவுவதற்கு 1942-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற இருவரில் ஒருவர் ஹெடி லமார், ஹாலிவுட் நடிகை. மற்றவர் ஜார்ஜ் ஆன்டைல், இசையமைப்பாளர். எதிரி தடுக்க முடியாதபடி டார்பிடோவை ரேடியோவில் இயக்கத்தான் அவர்கள் யோசித்தார்கள். தாவுவதற்கு எத்தனை அலைவரிசை என்று நினைக்கிறீர்கள்? 88. பியானோவில் இருக்கும் கட்டைகளின் எண்ணிக்கை! இன்றைய ப்ளூடூத்தும் தாவித்தான் பேசுகிறது. கிட்டார் ஜோடிகளில் சில தாமாகவே தாவும், சிலவற்றில் பட்டனை அழுத்தி நாமே சேனல் மாற்ற வேண்டும்.

மாலையில் ஒத்திகை பார்த்தபோது அருமையாக இருந்தது, நிகழ்ச்சியில் மட்டும் வெட்டுகிறது என்று புலம்புபவர்கள் உண்டு. இடையில் என்ன மாறியது? அரங்கம் நிறைந்துவிட்டது. ஆளுக்கொரு செல்போன், ஆளுக்கொரு உடம்பு. நம் உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். தண்ணீர் இந்த அலைகளை நன்றாகவே விழுங்கும். வாசிப்பவர் ஆம்புக்கு முதுகைக் காட்டித் திரும்பினால், அவரே சுவராகிவிடுவார். ரிசீவரைத் தரையில் போடாமல் உயரத்தில், கண்ணுக்குத் தெரியும்படி வைத்தாலே பாதித் தொல்லை தீரும். அரங்கத்தின் வை-ஃபை பெட்டி பக்கத்தில் வேண்டவே வேண்டாம்.

ஒயர் போனதும் ஒலி பளிச்சென்று ஆகிவிடும், மழுக்க மின்தேக்கி இல்லையே. சந்தோஷப்பட வேண்டியதுதானே? சிலருக்கு அது பிடிக்கவில்லை, பழகிய மழுங்கல் வேண்டுமாம்! எனவே சில கருவிகளில், ஒயர் இருப்பதுபோல் உச்ச ஒலியைக் குறைத்துக் கொடுக்கும் ஏற்பாடும் வைத்திருக்கிறார்கள். மின்சார வாத்தியம் வாசிக்கும் எல்லோருக்கும் ஒயர்லெஸ் தேவை என்றும் இல்லை. மாண்டலின் ஸ்ரீனிவாஸ் எலெக்ட்ரிக் மாண்டலினில்தான் கர்நாடக இசை வாசித்தார். கச்சேரி மேடையில் சம்மணமிட்டு உட்கார்ந்து வாசிப்பவருக்கு ஒயரால் ஒரு தொந்தரவும் இல்லை. ஓடியாடுபவர்களுக்குத்தான் இத்தனை பாடும்.

கிட்டார் இல்லாமலேயே இந்தத் தாமதத்தை நீங்கள் அளக்கலாம். செல்போனில் ஒரு பியானோ செயலியைத் திறந்து, அதை ப்ளூடூத் ஸ்பீக்கருடன் இணையுங்கள். நகம் கண்ணாடியில் படும்படி ஒரு கட்டையைத் தட்டுங்கள். நகத்தின் 'டக்' முதலில் கேட்கும், சுரம் பின்னால் வரும். பக்கத்தில் இன்னொரு செல்போனை வைத்து இதைப் பதிவு செய்து, ஒலி அலையைப் படமாகக் காட்டும் செயலியில் பாருங்கள். இரண்டு மேடுகள் தெரியும். நடுவில் எத்தனை மில்லி விநாடி என்று குறித்துக்கொள்ளுங்கள். ப்ளூடூத்தைத் துண்டித்து, போனின் சொந்த ஸ்பீக்கரில் இதையே மறுபடி செய்யுங்கள். இப்போதும் சிறிய இடைவெளி இருக்கும், அது செல்போனின் பங்கு. அதை முதல் எண்ணிலிருந்து கழித்தால் வருவது ப்ளூடூத்தின் பங்கு. அந்த எண்ணை 34-ஆல் பெருக்குங்கள். கையெட்டும் தூரத்தில் இருக்கும் உங்கள் ஸ்பீக்கர் எத்தனை சென்டிமீட்டர் தள்ளி நிற்பதுபோல் நடந்துகொள்கிறது என்று தெரிந்துவிடும்.