கருப்பையை அகற்றுவதே தீர்வாகுமா?

புது தில்லி: மாதவிலக்கு நாள்களில் பெண்களுக்கு ஊதியத்துடன் விடுப்பு அளிப்பது குறித்து 2023 டிசம்பரில் மாநிலங்களவையில் கேள்வி எழுந்தது. மாதவிலக்கு ஓர் உடற்குறை அல்ல. அதற்கெனத் தனி விடுப்புக் கொள்கை தேவையில்லை என்றார் அப்போதைய மகளிர், குழந்தைகள் நலத்துறை அமைச்சர் ஸ்மிருதி இரானி. கடும் வலிக்கு ஆளாவோர் சிறு விகிதத்தினரே, அவர்களில் பெரும்பாலோருக்கு மருந்தே போதும் என்பது அரசின் நிலை. மருந்துக்குக் கட்டுப்படாத வலிக்கு என்ன வழி என்பதே எஞ்சி நிற்கும் கேள்வி.

அத்தகைய வலிக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு, கருப்பைக்கு வெளியே சினைப்பை, குடல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் படர்வதே இந்நோய். கருவுறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதத்தினரை இது பாதிப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. குழந்தையின்மைக்கும் இது காரணமாகலாம். ஸ்கேனில் எல்லாத் திசுப் படிவுகளும் தெரிவதில்லை.

ஹார்மோன் மருந்துகள் பலனளிக்காதபோது உதவுவது லேப்ராஸ்கோபி. தொப்புள் அருகே சிறு துளையிட்டு, கரியமில வாயுவால் வயிற்றை விரித்து, கேமரா பொருத்திய குழாயைச் செலுத்துகின்றனர். நோயுற்ற திசுவை மட்டும் வெட்டி நீக்கவோ, சுட்டழிக்கவோ முடியும். கருப்பை காப்பாற்றப்படுகிறது. நோய் மீண்டும் வரக்கூடும் என்பதால் தொடர் கண்காணிப்பு தேவை. கருப்பையை அகற்றினாலும், வெளியே படர்ந்த திசு எஞ்சியிருந்தால் வலி தொடரலாம்.

ஆனால், ஏழைப் பெண்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் வேறு அறுவைச் சிகிச்சை. மகாராஷ்டிர மாநிலம் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களை 2019-ல் அரசுக் குழு ஆய்வு செய்தது. சுமார் 82 ஆயிரம் பேரில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கருப்பையை இழந்திருந்தனர். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டாலும் ஒப்பந்ததாரர் அபராதம் விதிப்பார் என்ற அச்சமும் அவர்களை அறுவைக்குத் தள்ளியது. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 3.3 சதவீதத்தினர் கருப்பை அகற்றப்பட்டவர்கள். இவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் தனியார் மருத்துவமனைகளில் நடந்தவை.

பிகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் நடந்த தேவையற்ற அறுவைகள் குறித்த பொதுநல வழக்கில், 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2022-ம் ஆண்டு வழிகாட்டு நெறிகளை மூன்று மாதங்களுக்குள் ஏற்குமாறு மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. தேசிய, மாநில, மாவட்ட அளவில் கண்காணிப்புக் குழுக்கள் அமைக்க அந்நெறிகள் வகை செய்கின்றன.

கண்காணிப்புக் குழு தவறான அறுவையைத் தடுக்கலாம், வலியைப் போக்காது. அறுவை வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்படும் பெண் மறுநாளும் கரும்புக் காட்டுக்குச் செல்ல வேண்டும். மாவட்ட அரசு மருத்துவமனையில் முறையான பரிசோதனையும், மருந்தும், லேப்ராஸ்கோபியில் தேர்ந்த மகப்பேறு மருத்துவரும் இல்லையெனில், அவர் மீண்டும் அதே தனியார் மருத்துவமனையின் வாசலில்தான் நிற்பார். சுகாதார மானியக் கோரிக்கை விவாதங்களில் உறுப்பினர்கள் எழுப்ப வேண்டிய கேள்வி இதுவே.