ஒரு சாண் கயிறு

ஆனிச் சாரல் தொடங்கிய நேரம். பள்ளிக்கூடம் திறந்து இரண்டு வாரம் இருக்கும். சுரண்டையில் எங்கள் வீட்டு அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். ஆறாவது படிக்கும் என் மகன் தட்டை நீட்டினான். மணிக்கட்டில் இரண்டு கலரில் முறுக்கிய கயிறு!

"ஏதுல இது? கோயில் கயிறா?"

"இல்லம்மா. பத்தாங்கிளாஸ் அண்ணன் கட்டிவிட்டாங்க. நம்ம ஆளுக எல்லாரும் கட்டணுமாம்."

எனக்குத் திக்கென்றது. மூன்று வருஷமாக இவனோடு பகிர்ந்து சாப்பிட்ட சிநேகிதன் கையில் வேறு கலராம். அன்று மத்தியானம் இருவரும் தனித்தனியாக உட்கார்ந்தார்களாம்.

"சின்னப் பிள்ளை விளையாட்டு, விடு தாயி" என்றார் என் மாமியார். நானும் இரண்டு நாள் விட்டுவிட்டேன். சொல்லவே வெட்கமாயிருக்கிறது.

சகோதரிகளே, இது விளையாட்டல்ல. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும், அவன் பள்ளியில் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். காரணம் ஜாதி. அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. மாணவர்கள் கலர்க் கயிறு கட்டக் கூடாது, பள்ளிகளின் பெயரில் ஜாதி இருக்கக் கூடாது என்றெல்லாம் அதில் யோசனைகள். கயிற்றுக்கு எதிராக 2019-லேயே கல்வித் துறையின் சுற்றறிக்கையும் வந்ததுதான். ஆனால் சுற்றறிக்கையா வந்து நம் பிள்ளையின் கையைப் பார்க்கும்?

1956-ல் காமராஜர் மதிய உணவு தந்தார். 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு; 2022-ல் காலை உணவு. எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட இத்தனை காலம் ஆயிற்று. அதை ஒரு சாண் கயிறு பிரிப்பதா?

மூன்றாம் நாள் மகனைப் பக்கத்தில் உட்காரவைத்து, அதட்டாமல் பேசினேன். அவனே அவிழ்த்தான். பிறகு அந்தச் சிநேகிதனின் தாயாரைப் பார்க்கப் போனேன். அவர் வாசலிலேயே நின்று சொன்னார்: "யக்கா, நீங்க பெருமைக்குக் கட்டினீங்க. நாங்க பயத்துல கட்டினோம். தனியா நின்னா அடிப்பாங்கன்னு எம் பிள்ளை சொல்லுதான்."

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. முதலில் அவிழ்க்க வேண்டியது யார் என்று மட்டும் புரிந்தது.

இருவரும் சேர்ந்தே தலைமையாசிரியரைப் பார்த்தோம். 'கவனிக்கிறேன்' என்றார். அந்தப் பையன் கையில் கயிறு இன்னும் இருக்கிறது. ஆனால் டிபன் டப்பா மறுபடி ஒன்றாகிவிட்டது.

இன்று சாயங்காலம் உங்கள் பிள்ளை வந்ததும், மார்க்கைக் கேட்குமுன் மணிக்கட்டைப் பாருங்கள்.