விரை வலி: தொற்றா, முறுக்கா?

சைனாடவுனை ஒட்டிய ஊட்ரம் வளாகத்தில் சிங்கப்பூர் பொது மருத்துவமனையும் டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரியும் அருகருகே இருக்கின்றன. அங்கே தேர்வுக்குப் படிப்பவர் எவரும் தவறவிடக் கூடாத கேள்வி இது: விரை வலிக்குக் காரணம் தொற்றா, விரை முறுக்கிக்கொண்டதா?

விரையின் பின்புறம் ஒட்டியிருக்கும் எபிடிடிமிஸ், நீட்டினால் சுமார் 6 மீட்டர் வரும் சுருள்குழாய். சிறுநீர்ப் பாதைக் கிருமிகள் விந்துக்குழாய் வழியே பின்னோக்கி ஏறி அங்கே தங்கிவிடும். 35 வயதுக்குக் கீழே பெரும்பாலும் கிளமிடியா, வெட்டைநோய்க் கிருமிகள். அதற்கு மேலே ஈ.கோலை, புராஸ்டேட் வீங்கிச் சிறுநீர் தேங்குவதால்.

தொற்று வலி மெல்ல மெல்லக் கூடும். முறுக்கு வலியோ திடீரென வரும். அப்போது உள்தொடையை வருடினாலும் பெரும்பாலும் விரை மேலேறாது. டாப்ளர் ஸ்கேனில் தொற்றென்றால் இரத்த ஓட்டம் மிகுந்திருக்கும். முறுக்கென்றால் குறையும் அல்லது நின்றிருக்கும்.

முறுக்கை 6 மணி நேரத்துக்குள் அவிழ்த்தாக வேண்டும். சந்தேகம் வலுத்தால் ஸ்கேனுக்குக் காத்திருக்காதீர்கள். அறுவை மருத்துவரை உடனே அழையுங்கள்.