கழுகு வராத உச்சிப்பொழுது

திருக்கழுக்குன்றத்துக்குப் போய் வந்த பாட்டிமாரைக் கேளுங்கள், கதை கதையாய்ச் சொல்வார்கள். உச்சிவேளையில் மலைமேல் சர்க்கரைப் பொங்கலுடன் பண்டாரம் காத்திருப்பார். வெயிலையும் பாராமல் ஜனங்கள் வானத்தையே பார்த்துக் கொண்டிருப்பார்கள். எங்கிருந்தோ கழுகுகள் வட்டமிட்டு வந்து இறங்கும். பொங்கலைக் கொத்தித் தின்றுவிட்டுப் பறந்துவிடும். ஊருக்குப் பெயர் வந்ததே இந்தப் பட்சிகளால்தான். ஆனால் 1990-களுக்குப் பிறகு அந்தக் காட்சி அங்கே இல்லை.

அங்கே வந்தவை மஞ்சள்முகப் பாறு என்னும் சிறு ஜாதி. அதன் பெரிய உறவான வெண்முதுகுப் பாறுவுக்கு நேர்ந்த கதியோ இன்னும் பரிதாபம். ஒரு காலத்தில் வட இந்திய நகரங்களின் மரங்களிலெல்லாம் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருந்த பறவை அது. 1990-களின் தொடக்கத்தில் ஆயிரம் இருந்த இடத்தில் 2007-இல் ஒன்றுதான் மிஞ்சியது!

"பிணந்தின்னிக் கழுகுதானே, போனால் போகட்டும்" என்று முகம் சுளிக்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள்.

சம்பளமில்லாத தோட்டி

மாடு இறந்தால் ஊருக்கு வெளியே கொண்டுபோய்ப் போடுவது நம் நாட்டில் நெடுநாளைய வழக்கம். தோலை உரித்துச் செல்ல ஒருவர் வருவார். அடுத்து வானிலிருந்து கழுகுகள் இறங்கும். ஒரு பெரிய கூட்டம் சேர்ந்தால், ஒரு மணி நேரத்துக்குள் எலும்புதான் மிச்சம். அந்த எலும்பையும் பொறுக்கி எடுத்து உரத்துக்கு விற்க இன்னொருவர் வருவார். நாற்றமில்லை, ஈயில்லை, வியாதியில்லை. கழுகின் வயிற்றிலுள்ள கடுமையான அமிலத்தில் அழுகிய மாமிசத்துக் கிருமிகளில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. முனிசிபாலிடி செய்ய வேண்டிய வேலையை, காலணா சம்பளமில்லாமல் அது செய்து வந்தது.

அன்பே விஷமானது

ராஜஸ்தானில் பரத்பூர் பறவைகள் சரணாலயத்தில்தான் முதலில் சந்தேகம் எழுந்தது. கழுகுகள் கழுத்தைத் தொங்கவிட்டபடி கிளைகளில் உட்கார்ந்திருந்தன. பிறகு ஒவ்வொன்றாகச் செத்து விழுந்தன. ஏதோ தொற்று வியாதி என்றே முதலில் எண்ணினார்கள். பாகிஸ்தானில் நடந்த ஆராய்ச்சி 2004-இல் உண்மையை வெளிப்படுத்தியது. குற்றவாளி டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து!

மூட்டுவலிக்கு நம் வீடுகளில் சாப்பிடும் அதே மருந்துதான். 1990-களில் விலை மலிந்து, மாட்டுக்கும் ஊசியாகப் போடலானார்கள். கால் வீங்கி நிற்க முடியாமல் தவிக்கும் பசுவைப் பார்த்தால் யாருக்குத்தான் மனம் பொறுக்கும்? ஆனால், ஊசி போட்ட சில தினங்களுக்குள் மாடு இறந்துவிட்டால் மருந்து உடம்பில் தங்கியிருக்கும். அதைத் தின்ற கழுகின் சிறுநீரகம் பழுதாகி, யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளின்மேல் வெள்ளையாகப் படிந்து, அது இறந்து போகும். ஒரே மாட்டைப் பல கழுகுகள் பந்தியாக உட்கார்ந்து தின்னும். ஆகவே நூறு மாடுகளில் ஒன்றுக்கும் குறைவாக மருந்து இருந்தாலே போதும், கூட்டமே அழிந்துவிடும். வருஷத்துக்கு ஒரே முட்டை இடும் பட்சி இந்த நஷ்டத்தை எப்படி ஈடுகட்டும்?

வந்தது பில்

கழுகு போனதும் அதன் பந்தியில் தெருநாய்கள் உட்கார்ந்தன. தின்னத் தின்ன நாய்கள் பெருகின. நாய்க்கடியும் வெறிநோய் பயமும் கூடவே வந்தன. அழுகியவை ஆற்றிலும் குளத்திலும் கலந்து தண்ணீரும் கெட்டது. கழுகுகள் நிறைய இருந்த ஜில்லாக்களையும், முன்பே அவை அதிகம் இல்லாத ஜில்லாக்களையும் இரண்டு பொருளாதார நிபுணர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2000-லிருந்து 2005 வரை சுமார் ஐந்து லட்சம் மனித உயிர்கள் கூடுதலாகப் போயின என்பது 2024-இல் வெளியான அவர்களுடைய கணக்கு. பம்பாய் மலபார் குன்றில், இறந்தவர்களைக் கழுகுகளுக்கு அளிக்கும் பார்ஸி சமூகத்தின் பழமையான சடங்கும் தடுமாறியது. சூரிய ஒளியைக் குவிக்கும் கருவிகளை அங்கே வைக்கும்படி ஆயிற்று.

நம்மால் ஆவது

2006-இல் மாடுகளுக்கான டைக்ளோஃபினாக்கை அரசு தடை செய்தது. மனிதருக்கென்று விற்ற பெரிய சீசாக்கள் மாட்டுத் தொழுவத்துக்குப் போவதைக் கண்டு, 2015-இல் அவற்றையும் நிறுத்தியது. கீடோப்ரோஃபென், அசிக்ளோஃபினாக் என்ற வேறு இரண்டு மருந்துகளும் 2023-இல் கால்நடைகளுக்குத் தடையாயின. கழுகுக்குத் தீங்கு செய்யாத மெலாக்ஸிகாம் கிடைக்கிறது. ஹரியானாவில் பிஞ்சோரில் கழுகுகளை வளர்த்துப் பெருக்கும் நிலையம் இருக்கிறது. நம் நீலகிரிக்குக் கீழே மோயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்றும் அவை கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன.

பசு வளர்க்கும் உறவினர் ஊரில் இருந்தால், அடுத்த தடவை போகும்போது ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: "மாட்டுக்கு வலி என்றால் கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள்; கால்நடை டாக்டரிடம், கழுகுக்கு ஆகாத மருந்தா என்று கேட்டுப் போடுங்கள்." அந்த ஒரு வார்த்தையில் பசுவும் பிழைக்கும், பட்சியும் பிழைக்கும். தெருவில் விளையாடும் நம் குழந்தைகளுக்கும் அது நல்லது.