செயற்கை மூட்டின் தேய்மானம்: காந்தம் தடுக்குமா?

உங்கள் இல்லத்தில் வாப்பாவுக்கோ உம்மாவுக்கோ மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை தேவை என்று மருத்துவர் கூறிவிட்டால், குடும்பத்தார் முதலில் கேட்பது, "எத்தனை ஆண்டுகள் உழைக்கும்?" என்பதுதான். நியாயமான கேள்வி. அதற்குரிய விடை, உலோகத்தின் உறுதியைவிடக் கண்ணுக்குத் தெரியாத தூளிலேதான் அதிகம் அடங்கியிருக்கிறது.

இடுப்பு மூட்டை எடுத்துக்கொள்வோம். தொடையெலும்பின் தலை ஒரு பந்து. இடுப்பெலும்பின் குழி ஒரு கிண்ணம். செயற்கை மூட்டிலும் இதே அமைப்புத்தான். உலோகத்தாலோ பீங்கானாலோ ஆன பந்து, பெரும்பாலும் பிளாஸ்டிக் உள்ளுறை கொண்ட கிண்ணத்தில் சுழல்கிறது. நடக்கையில் இம்மூட்டு தாங்கும் பாரம், உடல் எடையைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. 70 கிலோ எடையுள்ளவர் ஒவ்வோர் அடி வைக்கும்போதும் 175 கிலோ அளவுக்கு அங்கே அழுத்தம் விழுகிறது. ஓராண்டில் ஒரு காலுக்குச் சுமார் பத்து லட்சம் அடிகள் என்பது பொறியாளர்கள் கொள்ளும் கணக்கு.

இந்த உரசல் எவ்வளவு கொடியது என்பதைக் கண்டு வருந்தியவர், இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனை நிபுணர் ஜான் சார்ன்லி. 1950களின் இறுதியில் அவர் கிண்ணத்துக்கு டெஃப்லானைத் தேர்ந்தெடுத்தார். ஒட்டாத தோசைக்கல்லில் பூசுகிறார்களே, அதே பொருள். நன்றாக வழுக்கும் பொருள் தேயாது என நம்பினார். சுமார் 300 பேருக்குப் பொருத்திய பின்னர், சில ஆண்டுகளிலேயே கிண்ணங்கள் தேய்ந்தன. உதிர்ந்த தூள் சுற்றிலுமுள்ள திசுக்களைப் புண்படுத்தியது. நோயாளிகளை மீண்டும் அறுவை மேசையில் கிடத்த வேண்டியதாயிற்று. அத்தூளின் விளைவை அறிய அம்மனிதர் தம் தொடையிலேயே அதைச் செலுத்திச் சோதித்துக் கொண்டார்! 1962இல் பாலிஎத்திலீன் வந்தது. சார்ன்லி முதலில் அதை அலட்சியம் செய்தார். அவர் ஊரில் இல்லாத வேளையில் ஆய்வக உதவியாளர் ஹாரி கிரேவன் தாமாகச் சோதித்துப் பார்த்ததனால்தான் அதன் அருமை தெரியவந்தது.

அப்பொருளும் ஆண்டுக்கு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் தேய்ந்தது. தேய்மானத்தை விட, உதிரும் துகள்களே பெருந்தொல்லை. அவற்றை விழுங்கும் வெள்ளணுக்கள் செரிக்க இயலாமல் சில இரசாயனங்களைச் சுரக்கின்றன. அவை எலும்பைக் கரைக்கும் அணுக்களைத் தூண்டிவிடுகின்றன. கடைசியில், உறுதியாய் நின்ற மூட்டு, அடிமண் அரிக்கப்பட்ட தூணைப்போல் ஆட்டம் காண்கிறது.

இவ்விடத்தில்தான் காந்தம் பற்றிய எண்ணம் எழுகிறது. ஒத்த துருவங்கள் ஒன்றையொன்று விலக்கும் என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்ததே. பந்துக்குள் ஒரு காந்தம், கிண்ணத்தின் பின்னே மற்றொன்று. இரண்டும் விலக்கிக்கொண்டால் பாரத்தில் ஒரு பங்கைக் காந்தமே சுமக்கும். பொதுவாகப் பாரம் குறைந்தால் தேய்மானமும் ஏறக்குறைய அதே விகிதத்தில் குறையும். எனவே பாதிப் பாரத்தைக் குறைத்தாலே பெரும் இலாபம். கேட்பதற்கு எத்துணை எளிமை!

ஆனால் நிலையான காந்தங்களின் விசையை மட்டும் கொண்டு ஒரு பொருளை அந்தரத்தில் அசையாமல் நிறுத்த இயலாது என்று 1842லேயே எர்ன்ஷா என்னும் ஆங்கிலேய அறிஞர் நிறுவிவிட்டார். விலக்கும் காந்தங்கள் நேருக்கு நேர் நில்லாமல் பக்கவாட்டில் நழுவப் பார்க்கும். காலை வீசி நடக்கும்போதும் குந்தி எழும்போதும் பந்தின் திசை மாறிக்கொண்டேயிருக்கும். அப்பொழுது அந்தப் பக்கவிசை பந்தைக் கிண்ணத்திலிருந்து நழுவச் செய்யவும் கூடும். தவிர, இடைவெளி சற்று கூடினாலும் காந்தவிசை வெகுவாகக் குறைந்துவிடும். மூன்று, நான்கு சென்டிமீட்டர் பந்துக்குள் அடங்கும் காந்தம் 175 கிலோவை எதிர்கொள்ள வேண்டும் என்பதை நினைத்துப் பாருங்கள். இவ்வளவு சிறிய அளவில் வலிமைமிக்க நியோடிமியம் காந்தமோ ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். உடலுக்குள் வைக்க வேண்டுமாயின் கசிவே இல்லாத உறைக்குள் மூடியாக வேண்டும். இத்தனைக்கும் மேலாக, பின்னாளில் அந்நோயாளிக்கு எம்.ஆர்.ஐ. பரிசோதனை தேவைப்பட்டால் என்ன செய்வது? இன்றைய மூட்டுகள் பலவற்றுடன் உரிய முன்னெச்சரிக்கையோடு அப்பரிசோதனையைச் செய்ய முடிகிறது. வலிய காந்தம் உள்ளே இருந்தால் அது பேராபத்து. ஆகவேதான் மருத்துவமனைகளில் வழக்கமாகப் பொருத்தப்படும் மூட்டுகளில் காந்தம் கிடையாது.

தேய்மானத்தை உண்மையில் குறைத்தது வேறொன்று. 1990களின் இறுதியில், கதிர்வீச்சால் இறுக்கமாகப் பின்னப்பட்ட பாலிஎத்திலீன் புழக்கத்துக்கு வந்து, தேய்மானத்தைப் பழைய அளவில் ஒரு சிறு பங்காக்கிற்று. புதுமை எல்லாம் நன்மை என்றும் எண்ணிவிடாதீர்கள். உலோகத்தின் மீது உலோகம் உரசும் ஏ.எஸ்.ஆர். வகை இடுப்பு மூட்டுகள், கோபால்ட் துகள்கள் உண்டாக்கிய தீங்கினாலும் மறு அறுவைகள் பெருகியதாலும் 2010இல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டன.

தொடக்கக் கேள்விக்கு வருவோம். பல நாட்டுப் பதிவேடுகளை ஆராய்ந்து 2019இல் வெளியான கணக்கின்படி, முழு இடுப்பு மூட்டுகளில் சுமார் 58 விழுக்காடும், முழு முழங்கால் மூட்டுகளில் சுமார் 82 விழுக்காடும் 25 ஆண்டுகள் உழைத்துள்ளன.

கடைகளில் விற்கும் காந்தப் பட்டைகளை இவற்றோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். வலியைப் போக்கும் என்பதற்கே அவற்றுக்குத் தக்க சான்று இல்லை. செயற்கை மூட்டின் தேய்மானத்தை அவை தடுக்கப்போவதும் இல்லை. இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்கள் காந்தங்களை நெஞ்சருகே கொண்டுசெல்லலாகாது. அந்தப் பணத்தை, வலி இல்லாவிட்டாலும் மருத்துவர் குறித்த நாளில் எக்ஸ்ரே எடுக்க வைத்துக்கொள்ளுங்கள். எலும்பு கரைவது தொடக்கத்தில் வலியின்றியே நிகழக்கூடும். மூட்டின் பெயரும் எண்ணும் அச்சிட்ட ஒட்டுச்சீட்டை மருத்துவமனையில் கேட்டு வாங்கி, வீட்டுப் பத்திரங்களோடு பத்திரப்படுத்துங்கள். இருபது ஆண்டு கழித்து வேறோர் ஊரில் அந்த மூட்டைத் திறக்க நேரும் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.